நடுக்கோடு

வர்ஜீனியாவில் பழைய கட்டடங்களைப் பராமரிக்கும் ஓர் அலுவலகத்தில் சேர்ந்த புதிது. எங்கள் மூத்த பொறியாளர் ஒருநாள் மவுண்ட் வெர்னனுக்குக் கூட்டிப்போனார். பொட்டோமாக் ஆற்றங்கரையில் ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்ந்த மாளிகை. மேற்குப் புல்வெளியில் என்னை உட்காரவைத்து முகப்பை வரையச் சொல்லிவிட்டு, அவர் காபி குடிக்கப் போய்விட்டார்.

இதென்ன பெரிய வேலை என்றிருந்தது எனக்கு. ஜார்ஜிய பாணி என்ற பழைய ஆங்கிலேயக் கட்டடப் பாணியைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவன் நான்: நடுவில் வாசல், இருபுறமும் சரிசமமாகச் சன்னல்கள், மேலே முக்கோண முகப்பு. தாளில் நடுக்கோடு போட்டேன். இடது பாதியைப் பார்த்து வரைந்தேன். வலது பாதியை அப்படியே திருப்பிப் போட்டேன். அரைமணி நேரத்தில் முடிந்தது.

அவர் வந்து தாளைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார். "வலது பக்கம் இருப்பது எந்த வீடு?" என்றார்.

அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தேன். சன்னல்கள் சம இடைவெளியில் இல்லவே இல்லை. காரணம் எளிது. 1734-இல் வாஷிங்டனின் தந்தை கட்டியது ஒன்றரை மாடி வீடு. மகன் அதை இடிக்கவில்லை. 1758-இல் உயர்த்தினார், 1774-இல் தொடங்கி இரு பக்கமும் நீட்டினார். பழைய அறைகளும் மாடிப்படியும் உள்ளே இருந்தபடி இருக்க, வெளிமுகப்பு மட்டும் புதுப் பாணிக்கு ஆசைப்பட்டது. வீட்டை விரிவாக்கிய யாருக்கும் இந்த அவஸ்தை தெரியும். வேலை நடக்கும்போதே வாஷிங்டன் அமெரிக்க விடுதலைப் போருக்குப் போய்விட்டார். மேற்பார்வை உறவினர் லண்ட் வாஷிங்டனிடம்.

இன்னொரு தவறும் செய்திருந்தேன். ஓரத்தில் 'கல் சுவர்' என்று குறித்திருந்தேன். அருகே போய் விரலால் தட்டினால் மரம்! பைன் பலகைகளின் விளிம்பைச் சாய்வாகச் சீவி, கல் அடுக்கியதுபோல் கோடுகள் காட்டி, ஈரப் பெயின்டின்மேல் மணலை வீசியிருக்கிறார்கள். இருபதடி தள்ளி நின்றால் இன்றும் ஏமாறலாம். அங்கே தச்சுவேலை பார்த்தவர்களில் அடிமைகளும் இருந்தார்கள். 1799-இல் அந்தப் பண்ணையில் 317 பேர் அடிமைகள். அந்தப் பலகைகளில் எதை யார் சீவினார்கள் என்பது சுவரில் எழுதியிருக்கவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது நடுக்கூடம்தான். மேற்கு வாசலையும் ஆற்றைப் பார்த்த கிழக்கு வாசலையும் திறந்துவிட்டால் காற்று நேராக ஓடும். கூரைமேல் இருக்கும், சன்னல் வைத்த சிறு கோபுரம் போன்ற கூண்டு வழியாகச் சூடு மேலே போய்விடும். கோடையில் குடும்பம் அங்கேயே கிடந்ததில் ஆச்சரியமில்லை. அழகுக்கு வைத்ததாக நான் நினைத்த கூண்டு, வெக்கைக்கு வைத்தது.

சரி, மறுபடி வரைந்தேன். இந்த முறை ஒவ்வொரு சன்னலுக்கும் பென்சிலை நீட்டிப் பிடித்து அளவெடுத்தேன். மூன்று மணி நேரம் ஆனது. நடுக்கோடு போடவில்லை.