நியூ ஜெர்சி ஹோம் இன்ஸ்பெக்டர் லைசன்ஸ்: தேர்வுப் புத்தகத்துக்கு முன்னால் சட்டத்தைப் படியுங்கள்

நேற்று ஹோம் இன்ஸ்பெக்டர், அதாவது வாங்குபவருக்காக வீட்டைப் பரிசோதித்து ரிப்போர்ட் எழுதுபவர், ஆவதற்கான தேசியத் தேர்வு மையத்தில் ‘பாஸ்’ என்று அச்சடித்த தாளைக் கையில் கொடுத்தார்கள். மனசு லேசாக இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். நான் படிக்க ஆரம்பித்தபோது நியூ ஜெர்சி லைசன்ஸ் பற்றித் தமிழில் ஒன்றும் கிடைக்கவில்லை, ஆங்கிலத்தில் கிடைத்ததில் பாதி டெக்சாஸ்காரர்களும் ஃபுளோரிடாக்காரர்களும் அவரவர் மாநிலத்தை நினைத்து எழுதியது. 180 மணி நேரப் படிப்பு, தேசியத் தேர்வு, இன்சூரன்ஸ் என்ற வரிசை உங்களுக்குத் தெரிந்திருக்கும், அதற்குள் போகவில்லை.

எனக்கு உதவியது ஒரே விஷயம். கட்டடப் புத்தகங்களைத் தொடுவதற்கு முன் மாநில நிர்வாக விதியில் 13:40-15 என்ற பகுதியை முழுசாகப் படித்தேன், அதுவும் பேப்பரில் பிரிண்ட் எடுத்து, பேனாவோடு. பெரும்பாலானவர்கள் இதைக் கடைசி வாரத்துக்கு வைத்துக்கொள்வார்கள், தேசியத் தேர்வில் மாநில விதி வராதே என்பார்கள். வராதுதான். ஆனால் இன்ஸ்பெக்டரின் வேலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது மனதில் பதிந்துவிட்டால் தேர்வில் பாதி தவறான விடைகள் தாமாகவே கழன்றுவிடும்.

அதிலும் ‘மெட்டீரியல் டிஃபெக்ட்’ என்பதற்கு விதி தரும் வரையறையை மனப்பாடமே செய்யுங்கள். பரிசோதனையின்போது எளிதில் கண்டறியக்கூடியதாக இருக்க வேண்டும். வீட்டின் மதிப்பையோ, குடியிருக்கும் தகுதியையோ, பாதுகாப்பையோ கணிசமாகப் பாதிக்க வேண்டும். அழகு, பூச்சு, ரசனை சம்பந்தப்பட்டது எதுவும் சேராது. எந்தக் கேள்வி வந்தாலும் இந்த மூன்றையும் வைத்து ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் விடைகளுக்கே போவேன்.

நான் ஊரில் சிவில் இன்ஜினியரிங் படித்தவன். என்னைப் போன்றவர்களுக்கும், கன்ஸ்ட்ரக்‌ஷனில் வேலை பார்த்தவர்களுக்கும் இந்தத் தேர்வு வைக்கும் கண்ணி ஒன்று இருக்கிறது. பேஸ்மென்ட் பிளாக் சுவரில் படுக்கைவாட்டில் விரிசல், சுவர் உள்பக்கம் வயிறு தள்ளியிருக்கிறது, என்ன செய்வீர்கள் என்று கேட்டால் நம் கை ஸ்டீல் பீம் வைக்கும் விடைக்குத்தான் போகும். தொழில்நுட்பப்படி அது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் இன்ஸ்பெக்டர் டிசைன் செய்பவர் இல்லை. பார்த்ததை எழுது, அதனால் என்ன ஆகும் என்று எழுது, யாரிடம் போக வேண்டும் என்று எழுது. மண் அழுத்தம் தள்ளுகிறது, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்க்க வேண்டும் என்ற விடைதான் விடை.

200 கேள்வி, 4 மணி நேரம், அதில் எவை என்று சொல்லாத 25 கேள்விகள் மதிப்பெண்ணில் சேராது. ஆகவே விசித்திரமான கேள்வி ஒன்று வந்தால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், ஒன்றைத் தட்டிவிட்டு நகருங்கள். பாஸ் ஆக வேண்டிய 800க்கு 500 என்பதைச் சதவீதமாகக் கணக்குப் போடாதீர்கள், அது வேறு மாதிரி அளவுகோல். நான் மெதுவாகப் படிக்கிற ஆள், எனக்கே நேரம் மிச்சமிருந்தது.

கண்ணை மூடினாலும் சொல்லத் தெரிய வேண்டியவை:

- வாட்டர் ஹீட்டர் பிரஷர் வால்விலிருந்து வரும் குழாய்: அளவு குறையக் கூடாது, முனையில் மரை கூடாது, நடுவில் வால்வு கூடாது.
- நியூட்ரல் வயரும் கிரவுண்டு வயரும் மெயின் மின்சாரப் பேனலில் சேரும். சப் பேனலில் பிரிந்தே இருக்க வேண்டும்.
- கைப்பிடிச் சட்டங்களுக்கு நடுவே 4 அங்குல உருண்டை நுழையக் கூடாது.
- படிக்கட்டு போல ஏறும் விரிசல் என்றால் அஸ்திவாரம் இறங்குவது. படுக்கை விரிசல் என்றால் பக்கவாட்டு அழுத்தம்.
- 60களின் நடுவிலிருந்து 70களின் தொடக்கம் வரை கட்டிய வீடு என்றால் அலுமினிய வயரிங் ஞாபகத்துக்கு வர வேண்டும்.
- டெக் வீட்டோடு சேரும் பலகையில் வெறும் ஆணி மட்டும் இருந்தால் எழுத வேண்டும்.

மற்றதைப் புத்தகம் பார்த்துக்கொள்ளும்.

அப்புறம் அந்த 40 மணி நேரம். 180இல் குறைந்தது 40 மணி நேரம் லைசன்ஸ் உள்ள இன்ஸ்பெக்டர் கூடவே நின்று, சம்பளம் இல்லாமல், நிஜ வீடுகளில் செய்ய வேண்டும் என்பது சட்டம். ஆன்லைன் பள்ளிகளின் விளம்பரத்தில் இது சின்ன எழுத்தில்கூடச் சில சமயம் இருக்காது. பணம் கட்டிய பிறகு ‘நீங்களே ஆளைத் தேடிக்கொள்ளுங்கள்’ என்பார்கள். நாளை போட்டிக்கு வரப்போகிறவனை யார் கூட்டிக்கொண்டு போவார்கள்? எனக்கு இதில் இன்னும் கோபம் இருக்கிறது. பணம் கட்டும் முன்பே, களப் பயிற்சியையும் அவர்களே ஏற்பாடு செய்கிறார்களா, ஒரு வீட்டுக்கு எத்தனை மாணவர் என்று எழுத்தில் வாங்குங்கள். பத்துப் பேர் ஒரே பேஸ்மென்டில் நின்றால் பேனல் மூடியைத் திறப்பதைக்கூடப் பார்க்க முடியாது.

ஆனால் நான் உண்மையில் படித்தது அங்கேதான். எடிசன் பக்கம் 1950களில் கட்டிய ஒரு வீடு. சூடேற்றுவது கேஸில், பேஸ்மென்டில் எண்ணெய்த் தொட்டி எதுவும் இல்லை. வெளியே செடி மறைவில் சுவரை ஒட்டி இரண்டு இரும்புக் குழாய்கள், ஒன்று குட்டை, மூடி போட்டது, இன்னொன்று இடுப்புயரம். உள்ளே வந்து பார்த்தால் தரையோரம் சுவரிலிருந்து இரண்டு செப்புக் குழாய் முனைகள் நசுக்கி மடித்த நிலையில் நீட்டிக்கொண்டிருந்தன. எங்களைக் கூட்டிப்போனவர் ஒன்றும் விளக்கவில்லை, “நாலு வரியில் எழுது, பார்க்காததை எழுதாதே” என்றார். கடைசியில் நின்ற வாசகம் இப்படி: எண்ணெய் நிரப்பும் குழாய் போலவும் காற்றுக் குழாய் போலவும் இரண்டு குழாய்கள் உள்ளன. நிலத்தடியில் பழைய எண்ணெய்த் தொட்டி இருக்க வாய்ப்புண்டு. நிலத்தடிப் பகுதி இந்தப் பரிசோதனையில் அடங்காது. வீட்டை வாங்கி முடிக்கும் முன் டேங்க் ஸ்வீப் (நிலத்தடித் தொட்டியைக் கருவி வைத்துத் தேடுவது) செய்யவும், தொட்டியை எடுத்ததற்கான பெர்மிட் உண்டா என்று நகராட்சியில் விசாரிக்கவும்.

நியூ ஜெர்சியில் ஒழுகிய தொட்டியும் மண் சுத்திகரிப்பும் ஒரு குடும்பத்தின் சேமிப்பையே துடைத்துவிடும். அந்த நாலு வரி வாங்குபவரைக் காப்பாற்றும், உங்களையும் காப்பாற்றும்.

இனி இன்சூரன்ஸ். இதைத்தான் பலரும் ‘பாஸ் ஆனதும் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விடுகிறார்கள். நியூ ஜெர்சியில் சட்டம் கேட்பது ‘எரர்ஸ் அண்ட் ஒமிஷன்ஸ்’ பாலிசி, அதாவது நம் வேலையில் நேரும் பிழைக்கும் விடுபடலுக்குமான இன்சூரன்ஸ், ஒரு சம்பவத்துக்குக் குறைந்தது 5,00,000 டாலர். ஒரு ஏஜென்ட் என்னிடம் வெறும் ஜெனரல் லயபிலிட்டி பாலிசியை நீட்டி லைசன்ஸுக்கு இது போதும் என்றார். போதாது. அட்டிக்கில் கால் வழுக்கி நீங்கள் சீலிங்கை உடைத்தால் ஜெனரல் லயபிலிட்டி. கூரையில் தண்ணீர் புகாமல் தடுக்கும் தகடான ஃபிளாஷிங் இல்லாததை ரிப்போர்ட்டில் விட்டுவிட்டு ஆறு மாதம் கழித்து ஒழுகினால் எரர்ஸ் அண்ட் ஒமிஷன்ஸ். சட்டத்தை முதலிலேயே படித்திருந்ததால் அந்தத் தாளை அங்கேயே திருப்பிக் கொடுத்தேன்.

பக்கத்து மாநிலத்துக் கணக்கை இங்கே போடாதீர்கள். நியூயார்க்கில் ஒரு சம்பவத்துக்கு 1,50,000, மொத்தம் 5,00,000. பென்சில்வேனியாவில் மாநில லைசன்ஸே கிடையாது, 2000ஆம் வருடச் சட்டப்படி தேசியச் சங்க உறுப்பினர் தகுதியும், ஒரு சம்பவத்துக்கு 1,00,000, மொத்தம் 5,00,000 என்ற அளவில் இன்சூரன்ஸும் வேண்டும். டெலவர் ஆற்றைத் தாண்டினால் விதியே மாறிவிடும்.

‘ஒப்பந்தத்தில் என் பொறுப்பு ஃபீஸ் அளவுக்கு மட்டும்தான் என்று போட்டுக்கொள்வேன்’ என்று வகுப்பிலேயே ஒருவர் சொன்னார். 2004இல் இந்த மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் அப்படி ஒரு ஒப்பந்தத்தைத்தான் செல்லாது என்றது. ஃபீஸ் 385 டாலர், ஒப்பந்தப்படி பொறுப்பு அதில் பாதி, 192.50 டாலர். கூரை ஒழுகிச் செலவு ஆயிரக்கணக்கில் போனது. இப்படி ஒரு வரம்பு போட்டால் இன்ஸ்பெக்டர் கவனமாக வேலை செய்ய வேண்டிய அவசியமே போய்விடும் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். நியாயமான தீர்ப்பு என்றே எனக்குப் படுகிறது.

இங்கே 4 வருடம் வரை உங்கள் மீது வழக்குப் போடலாம். இந்தப் பாலிசிகளோ பெரும்பாலும் ‘கிளைம்ஸ் மேட்’ வகை, அதாவது வேலை செய்த அன்று பாலிசி இருந்தால் போதாது, புகார் வரும் அன்றும் இருக்க வேண்டும். இந்த வருடம் பார்த்த வீட்டுக்கு மூன்று வருடம் கழித்து வக்கீல் நோட்டீஸ் வந்தால், அன்று நடப்பில் இருக்கும் பாலிசியின் ‘ரெட்ரோ தேதி’, அதாவது எந்தத் தேதி முதல் செய்த வேலைக்குக் கவரேஜ் என்பது, இந்தப் பரிசோதனைக்கு முந்தையதாக இருக்க வேண்டும். கம்பெனி மாற்றும்போது விலை குறைகிறதே என்று அந்தத் தேதியைப் புதிதாக்க விடாதீர்கள். தொழிலை விட்டால், விட்ட பிறகு வரும் புகாருக்கான ‘டெயில்’ கவரேஜ் வாங்கிவிட்டு விடுங்கள்.

கையெழுத்துக்கு முன் ஏஜென்ட்டிடம் கேட்க வேண்டியவை:

- வக்கீல் செலவு அந்த 5,00,000க்குள்ளா, வெளியிலா?
- டிடக்டிபிள் (முதலில் நம் கையிலிருந்து கட்டும் தொகை) எவ்வளவு, வக்கீல் செலவுக்கும் அது உண்டா?
- ரேடான் (மண்ணிலிருந்து வீட்டுக்குள் வரும் கதிரியக்க வாயு), கரையான், மோல்டு (பூஞ்சை) சோதனைகளும் சேர்ந்ததா? ரேடானுக்கு மாநிலச் சான்றிதழே தனி, லைசன்ஸ் இருந்தாலும் கையில் எடுக்க முடியாது.
- நான் சம்மதிக்காமல் சமரசம் பேச முடியுமா?
- கையெழுத்திட்ட ஒப்பந்தம் இல்லாத வேலைக்கு கவரேஜ் உண்டா?

கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும். நம் ஆட்களுக்கு இது ரொம்ப முக்கியம். லைசன்ஸ் வந்த செய்தி தெரிந்ததும் கோயிலில், பிறந்தநாள் விழாவில் கேட்பார்கள்: “அண்ணா, சும்மா ஒரு ரவுண்டு வந்து பார்த்துச் சொல்லுங்க, ரிப்போர்ட்டெல்லாம் வேண்டாம்.” பாசத்தில் கேட்பதுதான். ஆனால் அவர்கள் உங்கள் வாய் வார்த்தையை நம்பி ஏழெட்டு லட்சம் டாலர் வீட்டில் கையெழுத்துப் போடுவார்கள், நீங்கள் சொன்னதற்கும் சொல்லாததற்கும் எழுத்தில் எதுவும் இருக்காது, பாலிசியும் பக்கத்தில் நிற்காது. பேஸ்மென்ட் நனைந்தால் பணமும் போகும், உறவும் போகும். ஃபீஸைக் குறைத்துக்கொள்ளுங்கள், தப்பே இல்லை. ஒப்பந்தத்தை முன்கூட்டி அனுப்பி, கையெழுத்து வாங்கி, மற்றவர்களுக்குச் செய்வதுபோல முழுப் பரிசோதனையும் செய்து, முழு ரிப்போர்ட்டைக் கையில் கொடுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் லைசன்ஸ் உள்ள வேறொருவர் பெயரைச் சொல்லி அனுப்பிவிடுங்கள்.