பே ஸ்லிப் கேட்கிறார்கள், கொடுக்கவா பெரியம்மா?

போன செவ்வாய்க்கிழமை இரவு பத்தரைக்குத் தங்கை மகளிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. இங்கே மலேசியாவில், கூலிமில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள், சம்பளம் 2,100 வெள்ளி (ரிங்கிட்). பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு கம்பெனி கூப்பிட்டிருக்கிறது. இன்டர்வியூவுக்கு முன்பே கடைசி மூன்று மாத பே ஸ்லிப்பை, அதாவது சம்பளச் சீட்டை, அனுப்பச் சொல்கிறார்களாம். "கொடுக்கவா பெரியம்மா?"

"இப்போதைக்கு அனுப்பாதே, காலையில் பேசுவோம்" என்று பதில் போட்டேன். அப்புறம் வெகுநேரம் தூக்கம் வரவில்லை. 2015-ல் இதே கேள்வி எனக்கு வந்தபோது கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

பாலிடெக்னிக்கில் கணக்கியல் டிப்ளோமா முடித்து, 2011-ல் ஜார்ஜ்டவுனில் சரக்கு அனுப்பும் ஒரு சின்ன ஃபார்வர்டிங் ஆபீஸில் சேர்ந்தேன். அப்பாவுக்குத் தெரிந்தவர் சேர்த்துவிட்டார். 1,100 வெள்ளி. தெரிந்தவர் வாங்கிக் கொடுத்த வேலை, பேரம் பேச வாய் வருமா? இறக்குமதி, ஏற்றுமதிக்கான கே1, கே2 சுங்கப் பாரங்கள், பில், வங்கி வேலை, மாதக் கடைசியில் ஆறு பேருக்குச் சம்பளம் என்று எல்லாம் என் தலையில்தான். நாலு வருடத்தில் 1,450 ஆனது.

2015-ல் தீவின் தென்பக்கம் ஒரு தொழிற்சாலை ஆபீஸில் இன்டர்வியூ. எதிரே இருந்த அதிகாரி என் பே ஸ்லிப்பை மேசையில் நேராக வைத்தார். கால்குலேட்டரை இழுத்து 1,450 என்று அழுத்தினார், ஏதோ பெருக்கினார், திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "1,700 தரலாம்" என்றார். சுங்கப் பாரம் தெரியுமா, சம்பளக் கணக்கு போட்டிருக்கிறாயா என்று ஒரு கேள்வி இல்லை. அந்தக் கால்குலேட்டரின் பச்சை நிறம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அன்றைக்கு எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரே தாவலில் 250 வெள்ளி! அம்மா தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய் என் பேரில் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார்.

ஆறு மாதம் கழித்து, சம்பளக் கணக்கு பார்த்த அக்கா பிரசவ விடுப்பில் போனார். அந்த வேலை என் கைக்கு வந்தது. முதல் நாளே பார்த்துவிட்டேன். எனக்கு இரண்டு வாரம் பின்னால், அதே பதவிக்கு, அதே டிப்ளோமாவோடு சேர்ந்தவருக்கு 2,400 வெள்ளி. அவர் பெரிய கம்பெனியிலிருந்து வந்தவர், அங்கே வாங்கியது 2,050. அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை, நல்ல மனிதர். சுங்கப் பாரம் நிரப்ப அவருக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான்.

மாதம் 700 வெள்ளி வித்தியாசம், வருடத்துக்கு 8,400. அதோடு நிற்கவில்லை. ஊழியர் சேமநிதியான இபிஎஃப்பில் நம் பங்கு 11 விழுக்காடு, முதலாளி பங்கு 13 விழுக்காடு. அந்த 700-க்கு மட்டும் மாதம் 168 வெள்ளி என் கணக்கில் ஏறாமல் போனது. மூன்று வருடம் அங்கே இருந்தேன், 6,000 வெள்ளி பக்கம் ஆகிறது. அதற்கு வந்திருக்க வேண்டிய லாப ஈவு தனி. 2011-ல் பேரம் பேசத் தெரியாத ஒரு பெண் வாங்கிய 1,100 வெள்ளி, என் ஓய்வுக்காலம் வரைக்கும் கூடவே வரப்போகிறது. யாரிடமும் சொல்லவும் முடியாது. சம்பளக் கணக்கில் பார்த்ததை வெளியே பேசக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருந்தேன்.

அம்மா நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். சம்பள நாளில் கிராணி (தோட்டத்துக் கணக்கர்) பேர் கூப்பிட்டு, தொகையைச் சத்தமாகச் சொல்லித்தான் கொடுப்பாராம். யாருக்கு எவ்வளவு என்பது தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயத்தில் அத்தனை பேருக்கும் தெரியும். சம்பளம் குறைவுதான், ஆனால் ஒளிவுமறைவு இல்லை. என் ஆபீஸில் என் சம்பளம் முதலாளிக்குத் தெரியும், முந்தைய சம்பளமும் தெரியும், அந்த வேலைக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதும் தெரியும். எனக்குத் தெரிந்தது என் சம்பளம் மட்டும்தான். பேரம் பேச உட்காரும் இரண்டு பேரில் ஒருவர் மட்டும் எல்லாச் சீட்டையும் திறந்து காட்ட வேண்டும் என்றால் அது எப்படிப் பேரமாகும்?

பத்து வருடமாக பே ஸ்லிப் போடுவதே என் வேலை. அதில் எவ்வளவு விஷயம் இருக்கிறது என்பது வாங்குகிறவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. ஐசி (அடையாள அட்டை) எண், வங்கிக் கணக்கு எண், பிடிபிடிஎன் என்ற உயர்கல்விக் கடன் கழிவு, கூட்டுறவுக் கடன், சம்பளமில்லா விடுப்பு எல்லாம் அதில் இருக்கும். மாத வரிக் கழிவைப் பார்த்தே, கல்யாணம் ஆனவரா, பிள்ளைகள் இருக்கிறார்களா என்று என்னால் ஓரளவு ஊகிக்க முடியும். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒருவருடைய பே ஸ்லிப்பில் மூன்று நாள் சம்பளமில்லா விடுப்பு இருந்தது. "அடிக்கடி லீவு போடுகிற ஆள்" என்று சொல்லி அந்த விண்ணப்பத்தை ஓரம் வைத்தார்கள். அம்மாவுக்கு ஆபரேஷனாக இருக்கலாம், பிள்ளைக்கு டெங்கியாக இருக்கலாம். கூப்பிட்டுக் கேட்கவே இல்லை.

பே ஸ்லிப்புக்குப் பதில் இபிஎஃப் அறிக்கை கேட்பதில் இன்னொரு சிக்கல். ஓவர்டைமுக்கு இபிஎஃப் பிடிப்பதில்லை. அடிப்படைச் சம்பளம் 1,700, ஓவர்டைம் 900 என்று 2,600 வாங்குகிற ஒருவருக்கு அறிக்கையில் அவர் பங்காக 187 வெள்ளிதான் தெரியும். அதை வைத்துத் திருப்பிக் கணக்குப் போட்டால் 1,700-தான் வரும். விஷயம் தெரியாத எச்ஆர், அவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டிவிடும். இது என் கண்ணெதிரே நடந்தது. நான் போய் விளக்கிய பிறகுதான் அந்தப் பையனை மறுபடி கூப்பிட்டார்கள்.

சம்பளத்தைக் கூட்டிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் ஆதாரம் கேட்கிறோம் என்பார்கள். உண்மைதான், பே ஸ்லிப்பைத் திருத்தி அனுப்பி மாட்டிக்கொண்டவரையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அந்த வேலை மட்டும் செய்யாதீர்கள். கையில் இருக்கும் வேலையும் போய், பேரும் கெடும். ஆனால் பழைய சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு புதுச் சம்பளம் போடுவதால்தானே கூட்டிச் சொல்லத் தோன்றுகிறது? அங்கே உண்மையிலேயே வேலை பார்த்தாரா என்று உறுதி செய்ய, பழைய கம்பெனியின் கடிதம் ஒன்று போதும். அதையும் வேலை உறுதியான பிறகு கேட்கலாம்.

அமெரிக்காவில் ஐலீன் ரிசோ என்று ஒரு கணித ஆசிரியை. 2009-ல் கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ மாவட்டக் கல்வி அலுவலகத்தில் சேர்ந்தார். அங்கே விதியே, பழைய சம்பளத்தோடு 5 விழுக்காடு சேர்த்துக் கொடுப்பதுதான். 2012-ல் சக ஊழியர்களோடு மதியச் சாப்பாட்டில் பேசிக்கொண்டிருந்தபோது, புதிதாகச் சேர்ந்த ஆண் ஒருவருக்குத் தன்னைவிட அதிகம் என்று தெரிந்தது. வழக்குப் போட்டார். பெண்ணுக்கு ஆணைவிடக் குறைவாகச் சம்பளம் வைத்ததற்குப் பழைய சம்பளத்தைக் காரணம் காட்ட முடியாது என்று 2020-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. படித்தபோது என் கதையை யாரோ எழுதியது போலவே இருந்தது. மாசசூசெட்ஸ் மாநிலம், வேலை உறுதியாவதற்கு முன் பழைய சம்பளத்தைக் கேட்கவே கூடாது என்று 2016-ல் சட்டம் போட்டு 2018-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியமும் 2023-ல் அப்படி ஒரு சட்டம் போட்டிருக்கிறது.

நம் நாட்டில் அப்படி ஒரு தடை இல்லை, கேட்கலாம். கொடுத்தே ஆக வேண்டும் என்றும் சட்டம் இல்லை. பலர் இந்த இரண்டாவதை மறந்துவிடுகிறோம். பாரத்தில் கட்டம் இருந்தால் நிரப்பியாக வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலேயே பழகிவிட்டோம்.

2018-ல் நான் வேலை மாறியபோது என் சம்பளம் 2,050. இரண்டு இடத்தில் கேட்டார்கள். "இந்த வேலைக்குச் சம்பள வரம்பு எவ்வளவு என்று சொல்லுங்கள், பேசி முடித்த பிறகு ஆவணம் தருகிறேன்" என்றேன். சொல்லும்போது கை நடுங்கியது. முதல் இடத்தில் அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. ஒரு மாதம் ரொம்பக் கஷ்டமாக இருந்தது, தப்புச் செய்துவிட்டோமோ என்று நினைத்தேன். இரண்டாவது இடத்தில் வரம்பைச் சொன்னார்கள், 3,000-க்குச் சேர்ந்தேன். எல்லோருக்கும் இப்படி அமையும் என்று சொல்ல மாட்டேன். வேலை இல்லாமல் வீட்டு வாடகை நிற்கும்போது கேட்டதைக் கொடுத்துவிட்டு வேலையைப் பிடிப்பதில் ஒரு தப்பும் இல்லை. அந்த நிலையில் இல்லாதவர்கள் கேட்டுப் பார்க்கலாம்.

இப்போது நான் இருக்கும் இடத்தில் விண்ணப்பப் பாரத்திலிருந்து 'கடைசியாக வாங்கிய சம்பளம்' என்ற கட்டத்தை எடுக்கச் சொல்லிப் போன வருடம் மேனேஜரிடம் பேசினேன். முழுதாக எடுக்கவில்லை. வேலை கொடுப்பதாக முடிவான பிறகு நிரப்பும் பாரத்துக்கு மாற்றினார்கள். எனக்கு இன்னும் திருப்தி இல்லை, மறுபடி கேட்கப் போகிறேன்.

புதன்கிழமை காலையில் தங்கை மகளோடு பேசினேன். மரியாதையாக, இரண்டே வரி போதும் என்றேன்: ஆவணங்களை வேலை உறுதியானதும் தருகிறேன், இந்தப் பதவிக்கான சம்பள வரம்பைத் தெரிவிக்க முடியுமா. தானே எழுதி, எனக்குக் காட்டிவிட்டு அனுப்பினாள். இரண்டு நாள் பதில் இல்லை. "பெரியம்மா, கெடுத்துக்கொண்டேனோ?" என்று வியாழக்கிழமை போன் செய்தாள். எனக்கும் வயிற்றைக் கலக்கியது.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் பதில் வந்தது. வரம்பு 2,800 முதல் 3,300 வரை, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இன்டர்வியூ. அப்படியே எனக்கு அனுப்பிவிட்டுக் கீழே எழுதியிருந்தாள்: "நான் எவ்வளவு கேட்கட்டும்?"

3,200 என்று எழுதி அனுப்பினேன்.