அப்பாயிக்கு எதற்குத் ‘தாங்கள்’?

எட்டாம் வகுப்பில் ஆண்டுதோறும் உறவுமுறைக் கடிதம் நடத்துகிறேன். மேலே வலப்பக்கம் இடம், நாள். அதற்குக் கீழே விளி. நலம், நலமறிய ஆவல். கடைசியில் ‘இப்படிக்கு’, அப்புறம் உறைமேல் முகவரி. பத்து நிமிடத்தில் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிடலாம், பிள்ளைகளும் பார்த்து எழுதிவிடுவார்கள். கட்டுரைப் போட்டியில் பரிசு பெற்ற தோழியை வாழ்த்தி எல்லா நோட்டிலும் ஒரே கடிதம் இருக்கும். அந்தத் தோழி யார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

வேலைக்கு வந்த புதிதில் இதை நான் ஒரு குறையாகவே நினைக்கவில்லை. அந்த ஆண்டு ஒரு மாணவி மட்டும் தோழியை விட்டுவிட்டு, கண் ஆபரேஷன் செய்துகொண்ட தன் அம்மாயிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, எழுதியிருந்தாள். ‘அம்மாயி, இனிமே ஊசியில நூல் கோக்க என்னயக் கூப்பிட மாட்டியா?’ என்று ஒரு வரி. சிவப்பு மையால் அடிக்கோடிட்டு, ‘பேச்சு வழக்கு, திருத்தி எழுதுக’ என்று போட்டுக் கொடுத்தேன். மறுநாள் அழகான கையெழுத்தில் கொண்டுவந்தாள். ‘தங்கள் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததை அறிந்து மட்டற்ற மகிழ்ச்சி அடைந்தேன்.’ முழு மதிப்பெண் கொடுத்தேன். ஊசியும் இல்லை, நூலும் இல்லை. இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து வேறொரு நோட்டில் அதே ‘மட்டற்ற மகிழ்ச்சி’யைப் பார்த்தபோதுதான் நான் எதை அழித்தேன் என்பது உறைத்தது.

நம் மொழியில் இந்தச் சிக்கல் கொஞ்சம் கடினமானது. வீட்டில் பேசுவது ஒன்று, நோட்டில் எழுதுவது வேறொன்று. வீட்டில் ‘அப்பாயி, சாப்பிட்டியா’ என்று கேட்கிற பிள்ளை, பேனாவை எடுத்ததும் ‘மதிப்பிற்குரிய பாட்டி அவர்களுக்கு’ என்கிறது. எங்கள் பக்கத்துப் பல வீடுகளில் அம்மாவை ‘நீ’ என்றும் அப்பாவை ‘நீங்க’ என்றும் கூப்பிடுவார்கள். கடிதத்தில் இரண்டு பேருமே ‘தாங்கள்’ ஆகிவிடுகிறார்கள். “அம்மாவ நீன்னு எழுதலாமா மிஸ்? மார்க் போயிடாதா?” என்று ஒரு பெண் பயந்துகொண்டே கேட்டாள். இப்போது என் முறை இதுதான்: கூப்பிடுகிற பெயரும் நீயும் நீங்களும் வீட்டில் உள்ளபடியே இருக்கட்டும். யாராவது சொன்னதைச் சொன்னபடியே எழுதட்டும். மற்றதை எழுத்துத் தமிழில் எழுதப் பழகட்டும், முடியாவிட்டால் பரவாயில்லை. ல, ள, ழ பிழைகளைத் தனித் தாளில் பென்சிலால் குறித்துக் கொடுக்கிறேன். கடிதத்தின் மேல் பேனா வைப்பதில்லை. தேர்வுக்கு உரிய கடிதத்தை வேறொரு நாளில் சொல்லித் தருகிறேன், மதிப்பெண்ணும் வேண்டுமே.

2024-இல் வகுப்பில் 34 பேர். அஞ்சலகத்தில் ஆளுக்கொரு இன்லண்ட் கடிதத்தாள் வாங்கினேன். ஒன்று இரண்டரை ரூபாய், மொத்தம் 85 ரூபாய். உண்மையான ஆளுக்கு எழுத வேண்டும், உண்மையாகவே பெட்டியில் போடப் போகிறோம் என்றதும் வகுப்பே பரபரப்பானது. இன்லண்டை அதற்கு முன் கையில் தொட்ட பிள்ளை ஒன்றுகூட இல்லை. எந்தப் பக்கம் எழுதுவது, எங்கே மடிப்பது, ஓரத்தில் எதற்கு இந்தப் பசை என்று ஒரு பீரியட் ஓடிப்போனது. உள்ளே மயிலிறகு வைத்து அனுப்பலாமா என்றாள் ஒருத்தி. இன்லண்டுக்குள் எதையும் வைக்கக் கூடாது என்றதும் முகம் வாடிவிட்டது. சரி, அந்த இறகைப் பற்றி எழுது என்றேன். அரைப் பக்கம் எழுதினாள்.

முகவரிதான் பெரும்பாடு. அப்பா வேலை செய்யும் ஊர் தெரியும், தெரு தெரியாது. ஒரு பையன் அப்பாவுக்குப் போன் செய்து கேட்டதற்கு, “லொகேஷன் அனுப்பட்டுமாடா?” என்று கேட்டாராம். பின்கோட்டையும் அப்போதே நடத்தினேன். 1972 ஆகஸ்ட் 15-இல் வந்தது, ஆறு இலக்கம், முதல் 6 தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் என்று. எங்கள் தஞ்சை மாவட்டப் பாபநாசம் 614-இல் தொடங்கும், திருப்பூர் 641-இல். இரண்டு இலக்கம் இடம் மாறினால் கடிதம் திருப்பூர் போகாமல் நம் பக்கமே சுற்றிக்கொண்டிருக்கும் என்றேன். அப்படித்தான் மாற்றி எழுதியிருந்தான் அந்தப் பையன்.

அவன் அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். “நேத்து ராத்திரிகூட வீடியோ கால்ல பேசினேன் மிஸ். எழுத என்ன இருக்கு?” என்றான். நியாயமான கேள்வி, எனக்கு உடனே பதில் வரவில்லை. பக்கத்து ஊர் உத்தமதானபுரத்தைச் சேர்ந்த உ.வே.சா. கடிதம் எழுதி எழுதியே ஏடு தேடியதையும், தமக்கு வந்த கடிதங்களைப் பத்திரமாகக் காப்பாற்றி வைத்ததையும் சொல்லிப் பார்த்தேன். கேட்டுக்கொண்டான், எழுதவில்லை. கடைசியில், “உங்கப்பா இங்க இருந்திருந்தா இன்னிக்கு எதப் பார்த்திருப்பார்? அத மட்டும் எழுது, போதும்” என்றேன்.

வழக்கமான ஜூன் 12 போய், அந்த ஆண்டு மேட்டூரை ஜூலை 28-ஆம் தேதிதான் திறந்தார்கள். தண்ணீருக்காக ஊரே காத்துக் கிடந்தது. அது குடமுருட்டிக்கு வந்து, பிரிந்து, எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்ந்த வாரம் அது. அவன் எழுதியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது:

‘அப்பா, வாய்க்காலில் தண்ணி வந்துவிட்டது. முன்னாடி நுரையும் சருகும் ஒரு செருப்பும் வந்தது. அப்புறம்தான் தண்ணி. மெதுவாத்தான் வந்தது. நான் சைக்கிளை நிறுத்திவிட்டு அதுகூடவே மதகு வரைக்கும் நடந்தேன். பள்ளம் வந்தால் நின்று ரொம்பி அப்புறம் போகுது. நீங்க இருந்தால் செருப்பைக் கழட்டுடா என்று சொல்லுவீங்க. கழட்டிவிட்டேன்.’

‘நலம், நலமறிய ஆவல்’ இல்லை, ‘இப்படிக்கு’கூட இல்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. வீடியோ காலில் அவன் தண்ணீரைக் காட்டியிருக்கலாம்தான். செருப்பைக் கழற்றியதை எப்படிக் காட்டுவான்? அவன் கேட்ட கேள்விக்குப் பதில் அவன் கடிதத்திலேயே இருந்தது.

34-இல் எல்லாவற்றுக்கும் பதில் வந்தது என்று சொல்ல முடியாது. சிலர் போனில் கூப்பிட்டு ‘வந்துச்சு’ என்றதோடு சரி. ஒரு அத்தை நேரிலேயே வந்துவிட்டார். பதிலே வராத பிள்ளைகள் தினமும் தபால்காரரை எதிர்பார்த்ததைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. இப்போதெல்லாம் முன்கூட்டியே அந்த வீடுகளுக்குப் போன் செய்து, இரண்டு வரி எழுதச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். அதையும் பாடத்தின் ஒரு பகுதியாகவே வைத்துக்கொண்டேன்.

திருப்பூரிலிருந்து பதில் வர மூன்று வாரம் ஆனது. நாலே வரி. மதகுப் பலகையில் கீழ்ப்பக்கம் ஒழுகுதா, பார்த்து எழுது என்று கேட்டிருந்தார். அன்று சாயங்காலமே போய்ப் பார்த்திருக்கிறான். இரண்டு நாள் கழித்து, தானே அஞ்சலகத்தில் வாங்கிய இன்லண்ட் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினான். மூன்று பக்கமும் மடித்து ஒட்டியிருந்தது. என்ன எழுதினான் என்று நான் கேட்கவில்லை. “அட்ரஸ் மட்டும் பாருங்க மிஸ்” என்றான். பார்த்தேன். 641 சரியாக இருந்தது.