டெட்ராய்ட்டுக்கு நமக்கு முன்பே வந்தவர்களின் பாட்டு

சென்னையிலோ கோவையிலோ வாகனத் துறையில் வேலை பார்த்துவிட்டு மிச்சிகனுக்கு வரும் தமிழர்களில் பலர் நோவை, டிராய், ஃபார்மிங்டன் ஹில்ஸ் பக்கம் வீடு பிடிக்கிறார்கள். மளிகைக் கடையும் கோயிலும் சங்கமும் சீக்கிரம் கிடைத்துவிடும். தொழிற்சாலையில் கூட நிற்கிறவரோடு வேலைப் பேச்சைத் தாண்டி என்ன பேசுவது என்பதுதான் எளிதில் பிடிபடாது. அப்படிக் கூட நிற்கும் அமெரிக்கர்களில் எத்தனையோ பேருடைய தாத்தா பாட்டி கென்டக்கியிலிருந்தும் டென்னசியிலிருந்தும் பிழைப்புக்காகக் கிளம்பி வந்தவர்கள். அந்தக் குடும்பங்களின் வரலாறு, அமெரிக்கத் தெற்கின் கிராமத்து இசையான 'கன்ட்ரி'யின் பழைய பாடல்களில் பத்திரமாக இருக்கிறது.

'டெட்ராய்ட் சிட்டி' பாடலில் தொடங்குவது நல்லது. டேனி டில், மெல் டில்லிஸ் இருவரும் எழுதி, பாபி பேர் பாடி 1963இல் புகழ்பெற்றது. தெற்கின் பருத்திக் காட்டை விட்டு வந்தவன் பகலில் கார் செய்கிறான், இரவில் மதுக்கடை மதுக்கடையாக அலைகிறான். ஊருக்குப் போடும் கடிதத்தில் எல்லாம் நலம் என்றே எழுதுகிறான். ஊரும் அவன் பெரிய ஆளாகிவிட்டான் என்று நம்புகிறது. பொறுக்க முடியாமல், தெற்கே போகும் சரக்கு ரயிலில் ஏறித் திரும்பிவிடப் போகிறேன் என்கிறான். அந்தக் கடிதத்தின் பொய்யை வெளிநாடு வந்த எவருக்கும் விளக்கத் தேவையில்லை.

அப்படி வந்தவர்களின் வழிகளில் ஒன்று நெடுஞ்சாலை 23. கிழக்குக் கென்டக்கியின் நிலக்கரி மலைகளிலிருந்து ஒஹாயோ வழியாக ஆன் ஆர்பரையும் ஃபிளின்ட்டையும் தொடும் சாலை அது. கென்டக்கி மாநிலம் தன் பகுதிக்குக் 'கன்ட்ரி மியூசிக் நெடுஞ்சாலை' என்றே பெயர் வைத்திருக்கிறது. அதையொட்டிய புட்சர் ஹாலோ என்ற பள்ளத்தாக்கில் பிறந்தவர் பாடகி லொரெட்டா லின். 1970இல் வெளிவந்த அவருடைய 'கோல் மைனர்ஸ் டாட்டர்' சொந்தக் கதை: சுரங்கத் தொழிலாளி அப்பா, துணி துவைக்கும் பலகையில் தேய்த்துத் தேய்த்து விரலில் இரத்தம் கசிந்த அம்மா. எழுதியபோது பாடல் மிக நீளம். தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி குறைக்கச் சொன்னதால் பல சரணங்கள் போயின. எஞ்சியதில் ஒரு சொல்கூட உபரி இல்லை.

ஆனால் எல்லாப் பாட்டும் இப்படிப் பாடகரின் வாழ்க்கையல்ல. புதிதாகக் கேட்பவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். குறுந்தொகைப் பாட்டில் பேசுவது தலைவியா, தோழியா என்று கூற்றைப் பார்த்துவிட்டுத்தானே பொருள் கொள்கிறோம்? கன்ட்ரிக்கும் அதே ஒழுங்கு வேண்டும். எழுதியவர் யார், பாடியவர் யார், பாட்டுக்குள் 'நான்' என்று பேசுபவன் யார் என்று மூன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

ஜானி கேஷின் 'ஃபோல்சம் பிரிசன் புளூஸ்' இதற்குச் சரியான பாடம். கேஷ் சிறைத்தண்டனை அனுபவித்தவரே அல்லர். அமெரிக்க விமானப்படை வீரராக மேற்கு ஜெர்மனியின் லாண்ட்ஸ்பெர்க்கில் இருந்தபோது ஃபோல்சம் சிறை பற்றிய திரைப்படம் ஒன்றைப் பார்த்தார், பாட்டு பிறந்தது. மெட்டையும் பல வரிகளையும் கோர்டன் ஜென்கின்ஸ் 1953இல் வெளியிட்ட 'கிரசென்ட் சிட்டி புளூஸ்' பாடலிலிருந்து எடுத்திருந்தார். பின்னாளில் அதற்காகச் சுமார் 75,000 டாலர் கொடுத்துத் தீர்க்க வேண்டியிருந்தது. பாட்டில் பேசுபவன் நெவாடா மாநிலத்து ரீனோவில் கொலை செய்துவிட்டுக் கலிஃபோர்னியா சிறையில் இருக்கிறான். சட்டப்படி பொருந்தாத இந்த இடத்தை யாரும் பொருட்படுத்தவில்லை, ஏனென்றால் தூரத்தில் ஊதும் ரயிலைக் கேட்கிறவனின் ஏக்கம் அத்தனை உண்மை. 1955 ஸ்டுடியோப் பதிவு ஒன்று, 1968 ஜனவரி 13 அன்று அதே சிறைக்குள் கைதிகள் முன் பாடிய பதிவு ஒன்று. இரண்டாவதில் கொலையைச் சொல்லும் வரிக்குப் பிறகு எழும் ஆரவாரம் பின்னால் ஒட்டப்பட்டது. காவலர்களுக்கு அஞ்சிக் கைதிகள் அந்த இடத்தில் அடங்கியே இருந்தார்கள்.

மெர்ல் ஹேகர்ட் நேரெதிர். ஒன்பது வயதில் தந்தையை இழந்தவர். சான் குவென்டின் சிறையில் உண்மையாகவே இருந்தவர், அங்கேயே 21 வயதை எட்டியவர். 1968இல் வந்த 'மாமா டிரைட்' அவர் தாயிடம் கேட்கும் மன்னிப்பு. ஆனால் விடுதலையே இல்லாத ஆயுள்தண்டனை என்று பாட்டில் வருவது அவர் கூட்டியது. உண்மையில் 1960இலேயே வெளியே வந்துவிட்டார்.

நம் பிள்ளைகள் பள்ளியில் கற்றுவரும் 'டேக் மீ ஹோம், கன்ட்ரி ரோட்ஸ்' பாடலை ஜான் டென்வருடன் எழுதிய பில் டேனாஃபும் டாஃபி நிவர்ட்டும் அப்போது மேற்கு வர்ஜீனியாவில் கால் வைத்ததே இல்லை. மேரிலாந்தின் ஒரு சாலையில் போகும்போது தோன்றியது அது. 2014இல் மேற்கு வர்ஜீனியா அதைத் தன் மாநிலப் பாடல்களில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

மலையகத் தமிழ்க் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் 'சிக்ஸ்டீன் டன்ஸ்' பாடலைத் தவறவிடக் கூடாது. மெர்ல் டிராவிஸ் 1946இல் பதிவுசெய்தார், 1955இல் டென்னசி எர்னி ஃபோர்டு பாடியபோது நாடெங்கும் பரவியது. சுரங்க நிறுவனம் கூலியைக் காசாகத் தராமல், தன் கடையில் மட்டும் செல்லும் சீட்டாகக் கொடுக்கும். விலையை வைப்பதும் நிறுவனமே என்பதால் உழைக்க உழைக்கக் கடன் ஏறும். கங்காணிக் கடனும், கடனை அடைத்தால்தான் வேறு தோட்டத்துக்குப் போகலாம் என்ற துண்டுச் சீட்டு முறையும் தெரிந்தவர்களுக்கு அந்தப் பல்லவி தங்கள் வீட்டுப் பேச்சாகவே கேட்கும்.

பின்கதையைத் தேட முதலில் எழுதியவர் பெயர் வேண்டும். பழைய இசைத்தட்டில் தலைப்புக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் இருக்கும். ஸ்பாட்டிஃபையில் பாடலின் மூன்று புள்ளிகளை அழுத்தினால் வரும். அதிலும் ஐயமிருந்தால் பாடல்களின் உரிமை விவரம் தரும் 'சாங்வியூ' இணையத் தரவுத்தளத்தில் தலைப்போடு எழுதியவர் பெயரையும் சேர்த்துத் தேட வேண்டும், ஒரே தலைப்பில் பல பாடல்கள் கிடக்கும். ஆண்டையும் பார்க்கவும். அதே பாடகர் வயதான பிறகு மறுபடி பாடிய பதிவுகள் பல தொகுப்புகளில் மூலம் போலவே உட்கார்ந்திருக்கும்.

எஃப்.எம். கன்ட்ரி நிலையங்களில் பெரும்பாலும் புதுப்பாட்டுதான். பழையதற்கு டென்னசியின் நாஷ்வில் நகரத்து வானொலி நிலையமான டபிள்யூ.எஸ்.எம்., ஏ.எம். 650. அதன் 50,000 வாட் அலை பகலில் மிச்சிகனுக்கு எட்டாது. இருட்டியபின் மேல்வளிமண்டலத்தில் பட்டுத் திரும்பி வருவதால் கார் வானொலியிலேயே பிடிக்கலாம். இரைச்சல் வந்தால் முதலில் கைபேசி சார்ஜரைக் கழற்றுங்கள், மின்கம்பிகளை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள். சில மின்சாரக் கார்களில் ஏ.எம். வசதியே கிடையாது, அவர்களுக்கு இணைய ஒலிபரப்புதான். சனிக்கிழமை இரவின் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்ற நேரடிக் கன்ட்ரி இசை நிகழ்ச்சி 1925 முதல் இந்த நிலையத்தில் வருகிறது. நாஷ்வில்லில் ஏழு மணி என்றால் நமக்கு எட்டு. டிசம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடுவதால் முழுதாகக் கேட்கலாம். ஜூனில் ஒன்பது தாண்டித்தான் பொழுது சாயும், முதல் பகுதி கரகரவென்று போய்விடும். ஆகவே குளிர்காலத்தில் தொடங்குங்கள்.