இரும்புக்குழாயும் ரப்பர்பாலும்: ஓர் உடற்சிற்பத்தின் முன்னேற்றம்

முதுகெலும்பும் மார்புக்கூடும் அவற்றைப் போர்த்திய தோலுமாக ஓர் உடற்பகுதியை இரும்புக்குழாய், ரப்பர், பிரம்பு, சல்லாத்துணி ஆகியவற்றைக் கொண்டு செய்துவருகிறேன். உடலின் வெளித்தோற்றத்தை அச்செடுத்து வார்ப்பதில் எனக்கு ஈடுபாடு இல்லை. உடலில் எது பாரத்தைத் தாங்குகிறது, எது இழுத்துப் பிடிக்கிறது என்று பார்த்து, அதே வேலையைச் செய்யக்கூடிய பொருளை அந்தந்த இடத்தில் வைத்தால் உருவம் தானாக அமைகிறதா என்று அறிவதே இந்த முயற்சி. இப்போதைக்கு முதுகெலும்பு முடிந்துவிட்டது, விலா எலும்புகள் ஏறிவிட்டன, தோல் பாதியில் நிற்கிறது.

கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5 என அசையக்கூடிய முள்ளெலும்புகள் 24 என்பதால், குழாயையும் 24 துண்டுகளாக அறுத்தேன். கீழே போகப் போகப் பாரம் கூடும் என்பதற்காகக் குழாயின் விட்டத்தையும் படிப்படியாகக் கூட்டினேன். இடையில் வரும் வட்டுகளைத் தடித்த ரப்பர் தகட்டில் வெட்டினேன். உச்சியில் உள்ள முதல் இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே வட்டு கிடையாது. கடைசி முள்ளெலும்புக்குக் கீழே ஒன்று உண்டு. ஆக மொத்தம் 23. எல்லாவற்றையும் ஓர் எஃகுக் கயிற்றில் கோத்து, அடியில் கயிற்றை இறுக்கும் திருகான ஒரு டர்ன்பக்கிளைப் பூட்டி முறுக்கினால், தொங்கிக்கொண்டிருந்த மாலை சட்டென்று முதுகாக நிமிர்கிறது.

முதுகின் வளைவு எங்கிருந்து வருகிறது என்பதுதான் இந்தக் கட்டத்தில் என்னை அதிக நேரம் பிடித்து வைத்தது. மார்புப் பகுதியில் முள்ளெலும்புகளே முன்புறம் சற்றுக் குட்டையாக இருப்பதால் முதுகு பின்னோக்கிக் கூன்கிறது; இடுப்புப் பகுதியிலோ வட்டுகள் முன்புறம் தடித்து ஆப்பு வடிவில் இருப்பதே உள்வளைவுக்குப் பெரும்பாலும் காரணம். ஆகவே மேலே இரும்பைச் சாய்வாக அறுத்தேன், கீழே ரப்பரைச் சாய்வாகச் சீவினேன். கயிற்றை இறுக்கியதும், கம்பியை முன்கூட்டியே வளைத்துச் செய்யும் உள்கூட்டில் ஒருபோதும் கிடைக்காத ஒரு நெளிவு கிடைத்தது. இறுக்கத்தைத் தளர்த்தினால் உருவம் களைத்துப்போனதுபோல் தெரிகிறது. முகமே இல்லாத ஒரு பொருளில் களைப்பைப் பார்க்க முடிவது எனக்கு இன்னமும் வியப்புதான். நம் வட்டுகளும் பகல் முழுதும் அமுங்கி, இரவில் படுத்திருக்கும்போது நீரை உறிஞ்சி மீள்கின்றன. காலையில் அளக்கும் உயரம் மாலையில் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் குறைவதற்கு அதுவே காரணம்.

விலா எலும்புகளுக்கு இரும்புக் கம்பி. அவற்றை நெஞ்செலும்போடு சேர்க்கும் குருத்தெலும்புக்கு ஊறவைத்து வளைத்த பிரம்பு. மேலிருந்து 7 இணைகள் நெஞ்செலும்பை நேராகச் சேர்கின்றன, அடுத்த 3 இணைகள் தமக்கு மேலுள்ள குருத்தெலும்பைப் பற்றிக்கொள்கின்றன, கடைசி 2 இணைகள் முன்புறம் எதையும் தொடுவதில்லை. இரும்பும் பிரம்பும் சேருமிடத்தை வெல்டிங்கால் மூட முடியாது. மெழுகிட்ட நூலால் வரிந்து கட்டினேன். அந்தக் கட்டுகளை மறைக்கப்போவதில்லை. பார்ப்பவர் கண் முதலில் அங்குதான் போகிறது.

தோலுக்குச் சல்லாத்துணியை விரித்து, அம்மோனியா கலந்து பதப்படுத்திய ரப்பர்பாலை மெல்லிய பூச்சுகளாகத் தடவுகிறேன். அடர்த்தியாக்கி விற்கப்படும் பாலில் ரப்பர் ஏறத்தாழ 60 சதவீதம். மீதியில் பெரும்பங்கான நீர் ஆவியாகும்போது, வெண்மையாக இருந்த பூச்சு தேன் நிறத்தில் ஒளி ஊடுருவும் படலமாகிறது, கூடவே சுருங்கித் துணியை விலா எலும்புகளின் மேல் இழுக்கிறது. தூரிகையைச் சோப்புநீரில் நனைத்துவிட்டுத் தொடங்காவிட்டால் அதன் மயிர்கள் ஒட்டிப் பாழாகும். சன்னல்கள் திறந்திருக்க வேண்டும். கையுறை ரப்பர்பாலால் ஆகாத நைட்ரைலாக இருப்பது, ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கட்டாயம். கட்டுவதற்குச் செம்புக் கம்பி அழகாக இருக்கும் என்றாலும் அதை ஒதுக்கிவிட்டேன்: அம்மோனியா செம்பை அரித்து நீலக் கறை உண்டாக்கும், செம்போ ரப்பர் சிதைவதை விரைவுபடுத்தும். துருவைத் தடுக்க இரும்புக்கு அரக்கு மெருகு போடலாமா என்று யோசித்தேன். அரக்கு அம்மோனியா போன்ற காரத்தில் கரையும் என்பதால் எபாக்சி பூச்சுக்கு மாறினேன்.

இந்தத் தோல் நிலைக்காது என்பது தெரிந்தேதான் செய்கிறேன். சிற்பி ஈவா ஹெஸ்ஸே 1969இல் சல்லாத்துணி, ரப்பர்பால், கண்ணாடியிழை ஆகியவற்றால் செய்த ‘கன்டிஞ்சென்ட்’ என்ற படைப்பு இன்று கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அதன் ரப்பர் பகுதிகள் காலப்போக்கில் கருத்துவிட்டன, கண்ணாடியிழைப் பகுதிகள் அந்த அளவுக்கு மாறவில்லை. ஒளியும் ஆக்சிஜனும் ரப்பரை இறுகவைத்து நொறுக்கும். பிசினால் வார்த்த தோல் பல ஆண்டுகள் மாறாமல் இருக்கும் என்றாலும், இழுவையே இல்லாத அந்த மேற்பரப்பு எனக்குக் கடைப் பொம்மையைத்தான் நினைவூட்டுகிறது. எனவே தோலை மட்டும் கழற்றி மாற்றும்படி, பின்புறம் முதுகெலும்பின் நெடுகக் கொக்கிகள் வைத்துத் தைத்துவருகிறேன்.

அடுத்தது இடுப்பெலும்பு. டர்ன்பக்கிளின் கீழ்முனை அதில்தான் பூட்டப்பட வேண்டும் என்பதால் இழுவை முழுவதையும் அது ஏற்க வேண்டும்; மரத்தில் குடைந்தால் திருகு பிடித்த இடத்தில் பிளக்கக்கூடும், தகட்டை வளைத்தால் எடை கூடும். மரத்தைக் குடைந்து, திருகு வரும் இடத்தில் மட்டும் இரும்புப் பட்டை பதிப்பதாக இப்போது எண்ணம்.