விளங்காத பத்து நிமிடம்

பத்து நிமிடமாக மேடையில் இருந்த பெண் வாசித்துக்கொண்டே இருந்தார். ஜோர்ஜிய மொழி. மண்டபம் நிறையச் சனம். அதில் ஒருவருக்காவது ஒரு சொல் விளங்கியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ஒருவரும் இருமவில்லை, ஒருவரும் கைத்தொலைபேசியை எடுக்கவில்லை. எனக்கு முன் வரிசையில் இருந்த கிழவர் கண்ணை மூடித் தலையை லேசாக ஆட்டிக்கொண்டிருந்தார், நல்லூர்த் திருவிழாவில் நாதஸ்வரம் கேட்கிற ஆள் மாதிரி.

பிறகு ஒரு நடிகர் வந்து அதே பகுதியை டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், வாசித்தார். சிரிக்க வேண்டிய இடத்தில் சனம் அப்போதுதான் சிரித்தது.

நான் சிரிக்கவில்லை. எனக்குக் கோபம் வந்திருந்தது. யாரில் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சுவிஸுக்கு வந்து 35 வருஷம். பஸ்ஸில் ரெலிபோன் எடுத்து இரண்டு வசனம் தமிழில் கதைத்தால் முன் ஸீற்றில் இருக்கிற தலை திரும்பும். என்னைப் பார்க்கும், பிறகு யன்னலைப் பார்க்கும். என் மகள் சின்ன வயதிலேயே அந்தத் தலைகளைக் கவனித்துவிட்டாள். ‘அப்பா, மெதுவாக் கதையுங்கோ.’ டொச் பழக முன்னரே நான் பழகியது அதைத்தான். இப்போது பார்த்தால் அதே சனம் காசு கொடுத்து ரிக்கற் எடுத்து, மலை ஏறி வந்து, விளங்காத ஒரு மொழியைக் கண்மூடிக் கேட்டுக்கொண்டிருக்கிறது!

மகள்தான் கூட்டிவந்தாள். என் அறுபதாவது பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள், ஒன்றும் வேண்டாம் என்றேன். மணிக்கூடு வாங்கித் தருவாள் என்று நினைத்திருந்தேன். மூன்று நாள் இலக்கிய விழாவுக்கு ரிக்கற் வந்தது. லொய்கர்பாட் என்ற மலைக்கிராமத்தில் 1996 முதல் கோடையில் நடக்கிற விழா. கிட்டத்தட்ட 1,400 மீற்றர் உயரம், சுற்றிவரப் பாறைச் சுவர். ஹொட்டேல் மண்டபங்களில் வாசிப்பு, ஆற்றுப் பள்ளத்தாக்கில் நடந்துகொண்டு வாசிப்பு, கெம்மி என்ற கணவாயின் உச்சியில் நடுச்சாமத்தில் வாசிப்பு. நடுச்சாம வாசிப்புக்கு நான் போகவில்லை. எனக்கு முழங்கால் இருக்கிறது.

பேர்ணில் ஏறினால் 34.6 கிலோமீற்றர் சுரங்கத்துக்குள்ளால் ஓடி, ரெயில் வெளிச்சத்துக்கு வரும்போது வேறொரு மாநிலம். மாநிலத்துக்கே இரண்டு பெயர்: டொச்சில் வாலிஸ், பிரெஞ்சில் வலே. கிராமத்துக்கும் இரண்டு, லொய்கர்பாட் என்றும் சொல்லலாம், லொவேஷ்-லே-பான் என்றும் சொல்லலாம். ஊரில் கதைப்பதென்னவோ டொச்தான். அதையும் டொச் என்று சொல்ல முடியுமா தெரியாது. நான் வகுப்பில் படித்தது எழுத்து டொச், குசினியில் காதில் விழுந்தது பேர்ண் டொச். நமக்குச் செந்தமிழும் பேச்சும் போலத்தான் என்று ஒருவழியாகச் சமாதானம் ஆகியிருந்தேன். இங்கே பேக்கரிக்காரி சொன்னது எனக்கு விளங்கவில்லை, சரி. பேர்ணில் பிறந்து வளர்ந்த என் மகளுக்கும் விளங்கவில்லை. இரண்டு தரம் ‘என்ன?’ என்று கேட்டாள். பாணை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை ஒரு தகப்பன் வெளியில் சொல்லக்கூடாது.

இந்த ஊருக்கு எழுத்தாளர் வருவது புதிதில்லை. அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் 1951இல் இங்கே வந்து தங்கியவர், தன் முதல் நாவலை இங்கேதான் முடித்தார். அதற்கு முன் இந்த ஊர் கறுப்பரைக் கண்டதில்லை. தெருவில் பிள்ளைகள் தன்னைப் பார்த்துக் கத்தியதை 1953இல் வெளிவந்த கட்டுரையில் எழுதினார். நான் 1989இல் வந்தபோது யாரும் கத்தவில்லை, தலை மட்டும்தான் திரும்பியது. முன்னேற்றம்தான்.

வாசிப்புக்கு வருவோம். பதினொரு மணி என்று போட்டிருந்தார்கள், பதினொரு மணிக்குத் தொடங்கினார்கள். அங்கேயே எனக்கு நெஞ்சு படபடத்தது. நாங்கள் பத்து ஐம்பதுக்குப் போனோம், மகள் இழுத்துக்கொண்டு போனாள். என் கணக்கில் இரண்டு மணித்தியாலம் முந்திப் போய்விட்டோம்.

எங்கள் ஆட்களின் நூல் வெளியீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும். மங்கள விளக்கு, அகவணக்கம், தமிழ்மொழி வாழ்த்து, நடனப் பள்ளிப் பிள்ளைகளின் வரவேற்பு நடனம், வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை, இன்னொரு வாழ்த்துரை, நயப்புரை, ஆய்வுரை. முதற்பிரதி பெறுபவர் என்வலப்பைக் கொடுத்துவிட்டுக் கமராவைப் பார்க்க வேண்டும். பிறகு சிறப்புப் பிரதிக்கு ஒரு நீண்ட வரிசை. கடைசியில், பிள்ளைகள் கதிரைகளுக்கு நடுவே ஓடிப்பிடித்து விளையாடும் நேரத்தில் எழுத்தாளர் ஏற்புரைக்கு எழும்புவார். அதற்குள் ரோல்ஸ் ஆறிவிடும். நாலு மணித்தியாலத்தில் எல்லாம் நடக்கும், புத்தகத்தை மட்டும் யாரும் வாசிப்பதில்லை.

இங்கே வாசிப்பு மட்டும்தான் நடந்தது. பொன்னாடை இல்லை. ‘எனக்கு முன்னர் பேசியவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்’ என்று தொடங்கி அரை மணித்தியாலம் பேசுகிற ஆள் இல்லை. வாசித்தார்கள், கொஞ்சம் கேள்வி பதில், கைதட்டல், முடிந்தது. ஒரு கப் தேத்தண்ணிகூடக் கிடையாது, வேண்டுமென்றால் வெளியே போய்க் காசு கொடுத்துக் குடி. எழுத்தாளரைக் கூப்பிட்டு இப்படி வெறும் வாயோடு அனுப்புகிறார்களே என்று எனக்கு அவருக்காக வெட்கமாக இருந்தது. அதே நேரம், எங்கள் மேடைகளில் இதுவரை நான் ஒரு கதையை முழுதாகக் கேட்டதில்லை என்பதும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

வாசலில் மேசை போட்டுப் புத்தகம் விற்றார்கள். டொச் மொழிபெயர்ப்புப் பிரதிகளுக்குப் பக்கத்தில் மூலப் புத்தகம் ஒன்று திறந்தபடி கிடந்தது. குனிந்து பார்த்தவன் திடுக்கிட்டுப்போனேன். சிங்களம்! வட்டம் வட்டமாக, சுழித்துச் சுழித்து, கோடே இல்லாத எழுத்து. கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால் சிங்களம் இல்லை. ஜோர்ஜிய எழுத்து, மொத்தம் 33 எழுத்தாம், மகள் சொன்னாள். ஆனால் அந்த அரை விநாடியில் நான் யாழ்ப்பாணத்து வீட்டின் உள்ளறையில், அப்பாவின் இரும்புப் பெட்டிக்கு முன்னால் நின்றுவிட்டு வந்திருந்தேன்.

அப்பா கொழும்பில் அரசாங்கக் கிளாக்கராக இருந்தவர். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்த பிறகு, தமிழ் உத்தியோகத்தர் சிங்களச் சோதனை பாஸ் பண்ண வேண்டும், இல்லையென்றால் சம்பள உயர்வும் பதவி உயர்வும் நின்றுவிடும் என்றார்கள். நான் பிறக்க முன்னர் தொடங்கிய கதை. பெட்டிக்குள் அந்தப் பாடப்புத்தகம் மட்டும் மிஞ்சியிருந்தது. முதல் பக்கம் விரல்பட்டுக் கறுத்திருக்கும். அயன்ன, ஆயன்ன. இரண்டாம் பக்கத்திலிருந்து புத்தம் புதுசு, தாள் ஒட்டிக்கூடப் பிரியாமல் இருந்தது. அப்பா முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டார், வயதுக்கு முன்னரே ஓய்வு எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்து தோட்டம் செய்தார். சிங்களவரோடு அவருக்குக் கோபம் இல்லை. மார்க்கெட்டில் வெங்காயம் வாங்க வருகிற லொறிக்காரரோடு நன்றாகச் சிங்களம் கதைப்பார். ‘ஆசைப்பட்டாப் படிப்பன், சோதனை வைச்சாப் படிக்கமாட்டன்’ என்பார்.

அவருடைய பிள்ளை நான் சுவிஸ் குடியுரிமைக்காக, டொச்சில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் பால் காட்டுகிற டெயர், டீ, டாஸ் பாடமாக்கினேன். கரண்டி ஆண், முள்ளுக்கரண்டி பெண், கத்தி இரண்டுமில்லை. ஹொட்டேல் குசினியில் கோப்பை கழுவிக் கழுவி மூன்றையும் ஆயிரக்கணக்கில் கையில் பிடித்தவன், எனக்கு அதில் ஒரு வித்தியாசமும் தெரிந்ததில்லை. மொழித்தேர்ச்சியில் பேச்சுக்கு பி1, எழுத்துக்கு ஏ2 மட்டம் என்று 2018 முதல் நாடு முழுவதற்கும் குறைந்தபட்ச அளவுகோல். நான் பிந்தி விண்ணப்பித்தவன், அதற்குள் அகப்பட்டேன். பாஸ் பண்ணினேன். சான்றிதழ் வந்த அன்று மகள் கேக் வாங்கிவந்தாள். எனக்கு அந்தக் கறுத்த முதல் பக்கம்தான் கண்ணுக்குள் நின்றது.

ஜோர்ஜிய எழுத்தாளரிடம் டொச் பிரதியில் கையெழுத்து வாங்கினேன். உங்கள் எழுத்திலேயே என் பெயரை எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். சந்தோஷமாக எழுதினார், மூன்று தரம் சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதினார். ‘எழுத்துப்பிழை இருக்கோ தெரியாது, அப்பா’ என்றாள் மகள். இருந்துவிட்டுப் போகட்டும். இங்கே அரசாங்கக் கடிதங்களில் இல்லாத பிழையா.

பின்னேரம் வெந்நீரூற்றுக் குளியல். இந்த ஊரின் பிழைப்பே அதுதான். ஒரு நாளைக்கு 39 லட்சம் லிட்டர் சுடுதண்ணி நிலத்துக்குள்ளிருந்து வருகிறதாம், அதிலும் 51 பாகை வரை சூடு. ஆறவைத்துத் தொட்டிகளில் விடுகிறார்கள். கழுத்தளவு தண்ணியில் இருந்துகொண்டு பனி மூடிய பாறையைப் பார்க்கலாம். பக்கத்தில் ஒரு அம்மா தண்ணிக்கு மேலே கையைத் தூக்கி வைத்துப் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தார். நானும் இந்த நாட்டு ஆளாகிவிட்டேன் போல, கால் நீட்டி மிதக்கப் பழகிவிட்டேன் என்று நினைத்த அடுத்த நிமிடம் கன்னியாவுக்குப் போய்விட்டேன். திருகோணமலையில், ஏழு கிணறு, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சூடு. தாய்க்குக் கிரியை செய்ய இராவணன் குத்திய கிணறுகள் என்று அம்மா சொல்லித்தான் வாளியால் அள்ளித் தலையில் ஊற்றினார். நான் வீரிட்டு அழுதேன். வெந்நீரூற்று என்றால் எங்களுக்கு அந்தியேட்டி, செத்தவருக்குச் செய்கிற கிரியை. இவர்களுக்கு வார இறுதி.

அப்பா 1993இல் செத்துப்போனார். எங்கள் ஊர்ப்பக்கம் அந்தியேட்டி செய்கிற கீரிமலை அப்போது ஆமியின் கையில், அங்கே போய்ச் செய்ய வழியில்லை, அக்காவின் புருஷன் வேறொரு கடற்கரையில் எல்லாம் முடித்தார். என்னிடம் இருந்தது அகதி அட்டை. அதோடு எங்கேயும் போக முடியாது. அன்று மாலை ஹொட்டேலில் ஒரு கலியாண விருந்து, 140 பேர். கோப்பை கழுவிக்கொண்டு நின்றேன்.

தண்ணிக்குள் அதிகநேரம் இருக்கக்கூடாது என்று ஒரு பலகையில் எழுதியிருந்தது. எழும்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கீழே இறங்கி, வீட்டுக்குத் திரும்ப முன் மேற்கே ஒரு நகரத்துக்குப் போனோம். ஸ்டேஷன் பலகையில் சியேர், ஒரு சாய்வுக்கோடு, சீடர்ஸ். ஒரே ஊர், பிரெஞ்சுப் பெயர், டொச்சுப் பெயர். ஊருக்குச் சற்று முன்னால் ரஸ்பீய் என்று ஒரு ஓடை வருகிறது. அதுதான் மொழி எல்லை. கிழக்கே டொச், மேற்கே பிரெஞ்சு. எட்டிப் பார்த்தேன். ஒரு தாண்டலில் தாண்டலாம் போலத்தான் இருந்தது. நான் அந்தச் சாய்வுக்கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். யாரும் அதில் தார் பூசியிருக்கவில்லை. வாகன இலக்கத்தகட்டில் வந்த சிங்கள ஸ்ரீ எழுத்துக்காக 1958இல் பஸ்களிலும் பெயர்ப்பலகைகளிலும் தார்வாளியோடு அலைந்த கதைகளை அப்பா சொல்லக் கேட்டு வளர்ந்தவனுக்கு இந்தச் சின்னக் கோடு பெரிய விஷயம். மகளோ ‘இவையள் ஆளோடாள் கதைக்கிறதே குறைவு அப்பா, கதைச்சாலும் இங்கிலீஷிலதான்’ என்று சொல்லி என் பரவசத்தில் தண்ணி ஊற்றினாள்.

இந்த ஊருக்குப் பக்கத்தில் ஒரு பழைய கற்கோபுரத்தில்தான் கவிஞர் ரில்க கடைசி வருஷங்களைக் கழித்தார். வாழ்நாள் முழுக்க டொச்சில் எழுதிய மனிதர் இங்கே வந்து பிரெஞ்சிலும் நிறையக் கவிதை எழுதினார். யாரும் அவருக்குச் சோதனை வைக்கவில்லை. அப்பா இருந்திருந்தால் இதைச் சொல்லியிருப்பேன். 1926இல் செத்தவரை ராரோன் தேவாலயத்து முற்றத்தில் புதைத்திருக்கிறார்கள், ரெயிலில் இருந்தே குன்று தெரியும்.

குன்றைத் தாண்டியதும் அக்காவுக்கு ரெலிபோன் எடுத்தேன். ஊரில் இரவு எட்டரை, சாப்பிட்டுவிட்டு விறாந்தையில் இருந்திருப்பா. விளங்காத மொழியைச் சனம் கண்மூடிக் கேட்டதை, அந்த வட்ட எழுத்தை, அப்பாவின் புத்தகத்தை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. பெட்டியில் நாலைந்து பேர்தான். எதிர் ஸீற்றில் ஒரு பெண், மடியில் அதே ஜோர்ஜியக் கதை. மகள் ஒன்றும் சொல்லவில்லை, யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பாட்டுக்குக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சொல்லிக்கொண்டே போனேன்.

‘என்னடா தம்பி,’ என்றா அக்கா, ‘ஒரு சொல்லும் விளங்கேல்லை. பலமாக் கதையன்.’