பிறந்த வீட்டுப் பெயரும் மாணவர் அட்டையும்

ஒருவழியாக மாணவர் அட்டை கைக்கு வந்துவிட்டது. பாதியில் விட்ட படிப்பைத் தொடர ஆசைப்படும் பெண்கள் தென்னாப்பிரிக்காவில், எங்கள் டர்பனில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். விண்ணப்பம், கட்டணம், பாடத் தேர்வு எல்லாம் கணினியிலேயே முடிந்துபோயின. என்னை அலைக்கழித்தது என் பெயர்தான்.

1990களில் சமூகப்பணிப் பட்டப்படிப்பில் சேர்ந்தேன். அப்பா போன பிறகு வீட்டுக்குச் சம்பளம் தேவைப்பட்டது. டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் எங்கள் சாட்ஸ்வொர்த் பகுதிப் பெண்கள் பலரையும் போல நானும் தையல் ஆலை வேலைக்குப் போனேன், படிப்பு நின்றது. 2000க்குப் பிறகு நாடெங்கும் பல்கலைக்கழகங்களை ஒன்றோடொன்று இணைத்தார்கள் அல்லவா, அதில் நான் படித்த இடத்தின் பெயரும் போய்விட்டது. பழைய மதிப்பெண் பட்டியல் எங்கே கிடைக்கப்போகிறது என்று பயந்தேன். கேட்டதும் வந்துவிட்டது. ஆனால் அதில் அப்பாவின் குடும்பப் பெயர், கோவெண்டர். அடையாள அட்டையில் கணவர் வீட்டுப் பெயர், பிள்ளை.

சேர்க்கை மேசையில் இருந்த பெண் இரண்டையும் பார்த்துவிட்டு, "இது வேறு ஆள்" என்று தாள்களைத் திருப்பித் தள்ளினார். திருமணச் சான்றிதழ் வேண்டுமாம். இணையத்தில் போட்டிருந்த பட்டியலில் அது இல்லை. சரி என்று மறுபடி எடுத்துப் போனால், நகல் உண்மையானதுதான் என்று போலீஸ் நிலையத்தில் குத்திய முத்திரை மூன்று மாதத்துக்கு முந்தையது, செல்லாது என்றார். புது முத்திரை வாங்கிப் போன அன்று அந்த மேசையில் வேறொருவர். அவர் சான்றிதழைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு பெயரும் ஒரே ஆளுடையவை என்று அஃபிடவிட், அதாவது சத்தியம் செய்து கையெழுத்திட்ட வாக்குமூலம், வேண்டும் என்றார். முதல் நாளே இதைச் சொல்லியிருந்தால் இத்தனை பேருந்துச் செலவும் விடுப்பும் போயிருக்காது. இன்னும் ஆறவில்லை எனக்கு.

ஆகவே, பெயர் மாறிய பெண்கள் முதலிலேயே அந்த அஃபிடவிட்டை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ் நிலையத்தில் காசு வாங்காமல் செய்து தருவார்கள். நகல்களுக்கும் அங்கேயே முத்திரை வாங்கிக்கொள்ளலாம். நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன் ஒவ்வொரு தாளையும் பாருங்கள். எனக்கு ஒரு தாளில் முத்திரை ஓரமாக விழுந்து, தேதியில் பாதி தாளுக்கு வெளியே போயிருந்தது. கையெழுத்தும் இருந்தது, அதிகாரியின் பெயரும் இருந்தது, மாதம் மட்டும் இல்லை. அங்கேயே நின்று மறுபடி குத்தச் சொன்னேன். இன்னொன்று: "இது போதாது, போய் வாருங்கள்" என்றால், என்ன குறைகிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். நான் அப்படிக் கேட்ட பிறகுதான் உள்ளேயிருந்து மேற்பார்வையாளர் அம்மா வந்தார். எல்லாத் தாளையும் வரிசையாகப் பார்த்து, அங்கேயே பதிவு செய்துவிட்டார்.

விட்டுவிடலாம் என்று தோன்றியபோது பிடித்து நிறுத்தியவர் என் பெரியப்பா. 1961இல் இந்தியர்களுக்கென்று டர்பன் துறைமுகத்தில் உள்ள சாலிஸ்பரி தீவில், பழைய கடற்படைக் கட்டடங்களில் தொடங்கிய கல்லூரியில் படித்தவர். தினமும் படகில் போய் வந்தவர். "படகு ஏறியாவது போய்ப் படித்தோம், நீ ஒரு முத்திரைக்காக விடுவாயா?" என்றார்.

வகுப்புக்கு மட்டும் போய் வருவதாக நான் சேரவில்லை. முதல் தடவை வகுப்பும் வீடும் என்றே ஓடிவிட்டேன். பிப்ரவரியில் மாணவர் சங்கங்கள் மேசை போட்டிருந்தன. சமூகப்பணி மாணவர் சங்கத்தில் இருந்த பையன், "ஆன்ட்டி, பெற்றோர் அந்தப் பக்கம்" என்று மரியாதையாகத்தான் சொன்னான். அட்டையைக் காட்டினேன். அப்புறம் ஒரு தயக்கம்: இடையில் விட்டுத் திரும்பி வந்தவர்களைச் சேர்க்கலாமா என்று அவனுக்குத் தெரியவில்லை. சங்க விதிகளைக் கேட்டு வாங்கி, அவனோடு சேர்ந்தே வாசித்தேன். பதிவு பெற்ற மாணவர் எவரும் உறுப்பினராகலாம் என்று தெளிவாக இருந்தது. வயதைப் பற்றி ஒரு வரி இல்லை. உங்கள் கல்லூரியிலும் விதிப் புத்தகத்தைக் கேளுங்கள், தருவார்கள்.

சேர்ந்த பிறகு பார்த்தால், கூட்டமெல்லாம் மாலை ஆறு மணிக்கு மேல். அந்த நேரத்தில் சாட்ஸ்வொர்த்துக்குத் திரும்ப வண்டி கிடைக்காது. மதிய இடைவேளைக்கு மாற்ற முடியுமா என்று கேட்டேன். எனக்காக மட்டும் கேட்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் டர்பனின் இன்னொரு புறநகரான உம்லாசியிலிருந்து டாக்ஸியில் (பலர் சேர்ந்து வரும் வேன்) வரும் ஜூலு பெண்கள் உடனே கை தூக்கினார்கள். இருட்டிய பிறகு டாக்ஸி நிலையத்தில் நிற்பது அவர்களுக்கும் பயம். யாரும் கேட்காததால் கூட்டத்துக்கே வராமல் இருந்திருக்கிறார்கள். வாக்கெடுப்பில் மதியம் வென்றது. இப்போது வியாழன் மதியம் கூடுகிறோம், அறையில் நாற்காலி போதவில்லை. கூட்டக் குறிப்பு எழுதுவது என் பொறுப்பு. அடுத்து, திரும்பி வரும் மாணவர்களுக்கு என்னென்ன தாள் வேண்டும் என்ற முழுப் பட்டியலைச் சேர்க்கை அலுவலகத்தின் கதவில் ஒட்டச் சொல்லிச் சங்கத்தின் பெயரில் கடிதம் கொடுக்கப் போகிறோம். அதன் முதல் வரி அஃபிடவிட்.